பூனை பக்கம்

அன்னவாசல்
12-6-2024

என்னோடு கூடப் பிறந்த காத்தாயிக்கு அக்கா அழகம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், மகன் வெற்றிசெல்வன், மருமகள் செல்வராணி மூன்று பேரும் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? வேளைக்கு மாத்திரை போடுகிறாயா?

பதினொரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. இருபத்திரண்டு தடவை அடித்துவிட்டேன். அதனால்தான் தபாலாபீசுக்குப் போய் இந்தத் தாளை வாங்கினேன். அங்கே இருந்த பெண், "இன்னும் இதெல்லாம் எழுதுறீங்களா அப்பத்தா" என்று கேட்டது. "எழுதாதவளுக்கும் இதை விக்கிறியா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் பேசாமல் கொடுத்தது.

உன் பேத்தி வனிதாவுக்குப் பூ வைக்கத் திருக்கோகர்ணத்தில் இருந்து வந்தார்களே, எல்லாம் நல்லபடி முடிந்ததா? முழங்கால் வீங்கிக் கிடந்ததால் என்னால் வர முடியவில்லை. மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் போட்டோவில் லட்சணமாகத்தான் இருக்கிறான். அன்றைக்கு உன் வீட்டில் ஏதோ பேச்சு வந்ததாக வெற்றி காதில் விழுந்திருக்கிறது. என்ன பேச்சு என்று அவன் என்னிடம் சொல்லவில்லை.

என்மேல் கோபம் என்றால் எழுது. கோபப்பட எனக்குத்தான் காரணம் உண்டு. 1994 தை மாதம் நீ மாடி வீடு குடிபுகுந்தபோது எல்லோருக்கும் ஜமுக்காளம் விரித்துவிட்டு எனக்கு மட்டும் கிழிந்த பாயைப் போட்டாய். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா அழகம்மாள்


கந்தர்வக்கோட்டை
30-6-2024

அக்காவுக்குக் காத்தாயி எழுதுவது. சர்க்கரை இருநூற்றுப் பத்து. மாத்திரை போடுகிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்ன பேச்சு என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் லட்டும் மிக்சரும் எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அத்தை என் கையில் இருந்த தட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, "பலகாரத்தை இந்தம்மா பக்கம் வைக்காதீங்கடி, எலி இருக்கு" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்களே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

பிறகு வனிதா அடுப்படிக்கு வந்து போனைக் காட்டினாள். பூனையும் எலியும் துரத்திக்கொண்டு ஓடுகிற பழைய பொம்மைப் படம். அதற்குக் கீழே, பார்த்தவர்கள் கருத்துச் சொல்லும் இடத்தில், வெற்றிசெல்வன் பேரில் இப்படி இருந்தது:

"எல்லாரும் எலிக்குக் கைதட்டுறீங்க. தின்னது எலி, அடி வாங்குறது பூனை. எந்தங்கச்சி காத்தாயியும் இந்த எலி மாதிரிதான். கந்தர்வக்கோட்டையில இருக்கா. அம்பது வருசத்துக்கு முந்தி என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு முப்பது அதிரசத்தையும் திருடித் தின்னு அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்தா. வெளக்குமாத்து அடி எனக்கு."

நானூற்றுச் சொச்சம் பேர் அதற்குக் கட்டைவிரல் குறி போட்டிருக்கிறார்கள். வெற்றிக்குத் தங்கச்சி கிடையாது. எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும்.

காத்தாயி


அன்னவாசல்
4-7-2024

அன்புத் தங்கச்சி காத்தாயிக்கு அழகம்மாள். நீ நலமாக இருக்க மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். ஒத்தடம் கொடுத்தேன், வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். வெற்றி புதுப் போன் வாங்கியதும் பழைய போனை எனக்குக் கொடுத்தான். எனக்குத் தட்டத் தெரியாது என்று, "இந்த மைக்கை அமுக்கிப் பேசும்மா, அதுவே தேடித் தரும்" என்று சொல்லிக் கொடுத்தான். நானும் பூனை எலி படத்தைக் கேட்டுக் கேட்டுப் பார்ப்பேன். அன்றைக்குப் பூனையை அந்த வீட்டுக்காரி வெளுத்து வாங்கினாள். எலி சுவர்ப் பொந்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தால் எல்லோரும் எலிதான் கெட்டிக்காரன், எலிதான் வீரன் என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. படத்தைப் பார்த்துப் பேசிவிட்டேன். கை எந்த மைக்கில் பட்டதோ, பேசியது முழுக்க எழுத்தாகிவிட்டது. பக்கத்தில் அம்புக்குறி இருந்தது. அடுத்த படம் வரும் என்று அதை அமுக்கினேன். அவ்வளவுதான். செல்போன் செய்த வேலை அது.

ஆனால் காத்தாயி, நான் பேசியதில் பொய் உண்டா? 1971 வைகாசி, வியாழக்கிழமை. கீரனூரில் மளிகைக்கடை வைத்திருந்தவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். மாடி வீடு, கடையில் இரண்டு ஆள் வேலைக்கு. ஆத்தா முதல்நாளே அதிரசம் சுட்டுத் தகர டின்னில் அடுக்கி வைத்திருந்தது. வந்தவர்கள் உட்கார்ந்த பிறகு டின்னைத் திறந்தால் வெறும் டின். ஆத்தா காராச்சேவையும் காப்பியையும் மட்டும் கொண்டுபோய் வைத்தது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? தட்டில் இனிப்பு இல்லை என்றால் பெண் வீட்டுக்குச் சம்மதம் இல்லை என்று பொருள். அவர்கள் தட்டைப் பார்த்தார்கள், காப்பியைக் குடித்தார்கள், வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீ நெல்லுக் குதிருக்குப் பின்னால் வாயெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தாய். அடி எனக்கு விழுந்தது. தின்னி என்ற பேரும் எனக்கு வந்தது. அதற்கப்புறம் மூன்று வருடம் யாரும் என்னைக் கேட்டு வரவில்லை. கடைசியில் வெள்ளைச்சாமிக்குக் கட்டி வைத்தார்கள். அந்த மனுசன் குடித்தே செத்துப்போனார். அவர் இருக்கும்போதே நான் கல் உடைக்கப் போனேன்.

வனிதாவிடம் நான் கேட்டதாகச் சொல். கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் எழுது.

உன் அக்கா


கந்தர்வக்கோட்டை
24-8-2024

அக்காவுக்கு. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நல்ல மழை, முந்திரித் தோப்பில் தண்ணீர் நிற்கிறது.

ஆடி கழிந்ததும் நாள் குறிக்கிறோம் என்ற மாப்பிள்ளை வீட்டார் ஆவணி பிறந்தும் வாய் திறக்கவில்லை. அந்த அத்தை சொல்வதுதான் அந்த வீட்டில் எடுபடும் என்கிறார்கள். என் மகன் இரண்டு முறை போன் செய்துவிட்டான். "பேசிட்டுச் சொல்றோங்க" என்று வைத்துவிடுகிறார்கள். வனிதா சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன் கடிதம் வந்த அன்று, செல்போன் செய்த வேலை என்பதை நம்பினேன். கை தவறிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். போன வாரம் வனிதா இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். முதலாவது மே மாதம் பத்தொன்பதாம் தேதி. இது இருபத்திரண்டாம் தேதி. அதே படத்துக்குக் கீழேதான்.

"அந்த எலி இன்னைக்கும் சொகமா இருக்கு. முந்திரித் தோப்பும் மாடி வீடுமா இருக்கு. பூனைதான் ரோட்டோரம் ஒக்காந்து கல்லு ஒடச்சுச்சு."

இதுவும் கை பட்டதுதானா?

காத்தாயி


அன்னவாசல்
29-8-2024

தங்கச்சிக்கு அழகம்மாள். எல்லோரும் சுகம். இங்கேயும் மழைதான். செல்வராணி காப்பிக்குச் சீனி குறைக்கிறாள், கேட்டால் உங்கள் நல்லதுக்கு என்கிறாள். எனக்குச் சர்க்கரை கிடையாது, உனக்குத்தான் என்று அவளுக்கு எத்தனை தடவை சொல்வது.

நீ கேட்டதும் கை பட்டதாகத்தான் இருக்கும். வயதாகிவிட்டது.

அழகம்மாள்


அன்னவாசல்
22-9-2024

அன்புள்ள காத்தாயிக்கு. மூன்று வாரமாகப் பதில் இல்லை. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வெற்றி மூலமாக உன் மகனிடம் விசாரித்தேன், நடமாடுகிறாய் என்று தெரிந்தது. அது போதும்.

கை படவில்லை. இரண்டாவதை நான் அறிந்தே பேசினேன். மைக்கை அமுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன்.

ஏன் என்று கேட்பாய். முதலாவது கை தவறியதுதான், அது சத்தியம். மறுநாள் படம் பார்க்கும்போது கீழே ஏகப்பட்ட பேர் பதில் போட்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். "பாட்டி சொல்றது நூத்துக்கு நூறு" என்று ஒருவர். "சின்ன வயசுல எலி பக்கம் நின்னேன், வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் பூனை பக்கம் வந்துட்டேன்" என்று ஒருவர். "பாட்டிக்கு நாங்க இருக்கோம்" என்று திருச்சியில் இருந்து ஒரு பெண். காத்தாயி, அறுபத்தொன்பது வயதில் முதல்முறையாக அத்தனை பேர் என் பக்கம் நின்றார்கள். ஆத்தா நிற்கவில்லை, கட்டியவர் நிற்கவில்லை, பெற்றவன்கூட "விடும்மா, பழசு" என்பான். ஊர் பேர் தெரியாதவர்கள் நின்றார்கள். அது இனித்தது. மூன்று நாள் அதே நினைப்பாக இருந்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது. அதற்காக உன் தோப்பையும் வீட்டையும் எடுத்துப் போட்டேன். சம்பந்தி வீட்டார் கண்ணில் படும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. யார் கண்ணில் பட்டால் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

எல்லோரும் என் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள், "பூனை அந்த எலியைப் பிடிச்சுட்டா பூனைக்கு அந்த வீட்டுல வேலை இல்லை, வெரட்டி விட்ருவாங்க. அதைத் தெரிஞ்சுதான் எலி மாட்டாம ஓடுது" என்று போட்டிருந்தார். இன்னொரு பெண், "பாட்டி, எலிகிட்ட ஒருதடவையாச்சும் கேட்டீங்களா?" என்று கேட்டிருந்தது. அந்த இரண்டையும் படித்த பிறகு நான் படமே பார்க்கவில்லை. போனை அலமாரியில் வைத்துவிட்டேன்.

நாள் குறித்தார்களா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


கந்தர்வக்கோட்டை
6-10-2024

அக்காவுக்கு. நாங்கள் நலம். நாள் குறிக்கவில்லை.

யாரோ ஒரு பெண் கேட்டதை நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள் சாயங்காலம், ஊருணியில் தண்ணீர் எடுக்கப் போனோம். நீ குடத்தை நிரப்பாமல் படியில் உட்கார்ந்து அழுதாய். கீரனூர் மளிகைக்கடை, மாடி வீடு என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அவருக்கு முப்பத்தெட்டு வயது, மூத்தாள் செத்து இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், மூத்த பிள்ளைக்கு உன் வயது என்பதை எழுதவில்லை. "அய்யாகிட்டச் சொல்லுக்கா" என்றேன். "சொன்னா வெட்டிருவாரு" என்றாய். அப்புறம் நீயே, "தட்டுல இனிப்பு இல்லைன்னா அவுகளே எந்திரிச்சுப் போயிருவாக. யாரும் வாயத் தொறக்க வேணாம்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். எனக்குப் பதினோரு வயது. ஆனாலும் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

ஒளித்து வைத்தால் தேடி எடுத்துவிடுவார்கள் என்று, முப்பதையும் தின்றேன். பன்னிரண்டுக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினேன். அதற்கப்புறம் இன்றுவரை நான் அதிரசம் வாயில் வைத்ததில்லை. உன் வீட்டு விசேஷங்களில் வேண்டாம் என்றபோதெல்லாம் எனக்குத் திமிர் என்று நினைத்தாய்.

ஆத்தா விளக்குமாற்றை எடுத்ததும் நான்தான் தின்றேன் என்று சொல்ல வெளியே வந்தேன். நீ என் வாயைப் பொத்திக் குதிருக்குப் பின்னால் தள்ளினாய். "பேசாத. வண்டி இன்னும் தெருமுனை தாண்டல. தெரிஞ்சா கூப்புட்ருவாக" என்று காதில் சொன்னாய். பிறகு போய் நின்று அடி வாங்கினாய். அந்த அக்காவைத்தான் நான் இத்தனை வருடம் அக்கா என்று கூப்பிட்டேன்.

காத்தாயி


அன்னவாசல்
28-10-2024

தங்கச்சிக்கு அழகம்மாள். தீபாவளி வருகிறது. எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தலையோடு நிற்காதே. உனக்குச் சளி பிடிக்கும்.

வெற்றியிடம் சொல்லி இரண்டையும் அழிக்க வைத்தேன். இப்போது தேடினாலும் அங்கே ஒன்றும் இருக்காது. முழங்கால் பரவாயில்லை. வனிதாவுக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். பச்சை, அரக்குக் கரை.

அக்கா


கந்தர்வக்கோட்டை
5-11-2024

அக்காவுக்கு. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சளி இல்லை.

அழித்ததாக எழுதியிருந்தாய். அந்த அத்தை அதைப் படம் எடுத்துத் தன் போனில் வைத்திருக்கிறார். அங்கே துக்கம் விசாரிக்கப் போன எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடக் காட்டியிருக்கிறார். அழித்ததால் ஆவது ஒன்றும் இல்லை.

நான் ஊருணியைப் பற்றி எழுதியிருந்தேன். உன் பதிலில் ஊருணி இல்லை.

கால் பரவாயில்லை என்பது கேட்கச் சந்தோஷம்.

காத்தாயி


அன்னவாசல்
19-11-2024

என் தங்கச்சி காத்தாயிக்கு. நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நேற்று நான் திருக்கோகர்ணம் போய் வந்தேன். வெற்றியிடம் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கு என்று செல்வராணியிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். புதுக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். கோயில் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அத்தைதான் கதவைத் திறந்தார்.

"யாருங்க?"

"காத்தாயிக்கு அக்கா. பூனைன்னு சொன்னா ஒங்களுக்கு வெளங்கும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க, அந்தம்மா தப்பா எடுத்துக்கிட்டாங்களா?" என்றார்.

"நீங்க வெளையாட்டுக்குச் சொன்னீங்க. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. அதான் வந்தேன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கீரனூர்க்காரர் வயதைச் சொன்னேன். ஊருணிப் படியைச் சொன்னேன். நான் சொல்லித்தான் நீ தின்றாய் என்று சொன்னேன்.

"முப்பதுமா?" என்றார்.

"முப்பதும். ரெண்டு நாள் வாந்தி எடுத்தா. நாந்தான் தலையைப் பிடிச்சேன்."

"அப்பறம் ஏங்க இப்படிப் போட்டீங்க, கூடப் பொறந்தவளப் பத்தி?"

புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில் அவர் வீட்டுக்காரர் இருமும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு அப்படித் தின்ன ஆள் இல்லைங்க" என்றார். பிறகு போனை எடுத்து, என் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தார். "நாள் குறிக்கச் சொல்றேன். அந்தம்மாவ நான் நேர்ல பாத்துக்கிறேன்" என்றார்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நான் எதையும் மறக்காதவள் என்று ஊரே சொல்லும். கிழிந்த பாயை மறக்காதவள் ஊருணியை மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ ஒருவேளை நம்பிவிடுவாய். அப்படி எழுத ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். தாள் வீணானது.

எனக்கு ஞாபகம் இருந்தது. எப்போதும் இருந்தது. நீ முழுங்கியதும், நான் உன் வாயைப் பொத்தியதும், வண்டி தெருமுனையில் திரும்பியபோது முதுகில் அடி விழ விழ எனக்குச் சிரிப்பு வந்ததும் ஞாபகம் இருந்தது. கல் உடைக்கப் போன முதல் நாள் கை கிழிந்து ரத்தம் வந்தது. யாரால் இது என்று மனது கேட்டது. அய்யா செத்துப்போயிருந்தார். வெள்ளைச்சாமியைத் திட்டினால் அடிப்பார். என்னையே சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. நீ மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தாய். உன்னைச் சொன்னேன். ஒருமுறை சொன்னதும் சுலபமாகிவிட்டது. ஊருணியை விட்டுவிட்டு அதிரசத்தை மட்டும் சொல்லிச் சொல்லி வந்தேன். ஊருக்குச் சொன்னேன், பிள்ளைக்குச் சொன்னேன், கடைசியில் அந்தப் படத்துக்குக் கீழேயும் சொன்னேன்.

கல்யாணத்துக்கு நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. புடவையை வெற்றியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அழகம்மாள்


கந்தர்வக்கோட்டை
2-12-2024

அக்காவுக்குக் காத்தாயி எழுதுவது. சர்க்கரை நூற்று எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. வனிதா சாப்பிடுகிறாள்.

தை மாதத்தில் நாள் குறித்துவிட்டார்கள். அந்த அத்தை போன வாரம் வந்தார். அடுப்படிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சிரித்த மற்ற ஒன்பது பேருக்கும் அவர் சொல்வாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுதச் சொல்லி வனிதா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இன்னும் அப்படி எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். புடவையைக் கொடுத்தனுப்ப வேண்டாம். பத்திரிகை வைக்க வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், வீட்டில் இரு.

ஞாபகம் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும் அக்கா. அதனால்தான் ஐம்பத்து மூன்று வருடம் நான் வாய் திறக்கவில்லை. நீ மறந்திருந்தால் என்றைக்கோ ஞாபகப்படுத்தியிருப்பேன்.

காத்தாயி